சட்டமில்லாத நிலவில் ஒரு பூட்டுக்காரி

"நனையறதுன்னா நனைஞ்சுக்கோங்க. டார்ச்சை மட்டும் ஆட்டாதீங்க... பூட்டே தெரியல."

பிரியோனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோஸ்லின் மேட்டில் இருக்கும் பழைய சர்ச் மண்டபத்தின் வாசலில், ஈரப் படியில் முழங்காலிட்டு, பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். உலகத்தின் தென்கோடியில் இருக்கும் டனீடன் நகரில் ஜூன் என்றால் குளிர்காலம்; அந்த மழை மேலிருந்து பெய்யாது, பக்கவாட்டில் வந்து காதுக்குள் புகும்.

"உதவி பண்ணலாம்னுதான்..." என்றது பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்.

"சாவியைப் பூட்டுக்குள்ளயே உடைச்சு வச்சிருக்கீங்களே, அந்த உதவியே போதும்."

உடைந்த துண்டு இடுக்கியில் சிக்கி வெளியே வந்தது. வெற்றிக் களிப்போடு திரும்பினாள்... அப்படியே ஒரு கணம் நின்றுபோனாள். சாம்பல் நிறக் கண்கள். இமையெல்லாம் மழைத் துளி. இந்தக் குளிரில் வெறும் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தான் அந்த மனிதன். கோட்டைக் கழற்றி ஓர் அட்டைப்பெட்டிக்குப் போர்த்தியிருந்தான்.

"அதுக்குள்ள என்ன, குழந்தையா?"

"நிலா."

"என்னது?"

"நிலாவுல ஒரு ஊரு. நான் எழுதினது. நனைஞ்சா எல்லாம் போச்சு."

பைத்தியம்தான். ஆனால் லட்சணமான பைத்தியம் என்றது அவள் மனம். சும்மா கிட என்று அதை அதட்டினாள்.

கூலியை வாங்கிக்கொண்டு வேனைக் கிளப்பியிருக்கலாம். மழை விடட்டும் என்று அவள் உள்ளே போனது வெறும் சாக்கு. ஊர் உலகத்துக் கதவெல்லாம் திறப்பவளுக்கு, திறந்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் தூக்கம் வராது. அந்தப் புத்தி அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

உள்ளே ஒரு நீள மேசை. அவனைத் தவிர இரண்டே பேர். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மெரே, சிரித்தால் ஜன்னல் அதிரும். தபால்காரர் ஆல்பி, தட்டு நிறையச் சூடான சீஸ் ரோலை வைத்துக்கொண்டு யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். நிலாக்காரன் பெயர் ஹேமிஷ். பகலில் நகராட்சியில் குடிநீர்க் குழாய் வரைபடம் போடுகிறவன்.

"இதுல யாரு ஜெயிப்பாங்க?" என்றாள் பிரியோனி, பகடைகளை உருட்டிப் பார்த்தபடி.

"யாரும் ஜெயிக்க மாட்டோம்," என்றான் ஹேமிஷ்.

"அப்ப தோக்கறது?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் எதுக்குங்க இந்த மழையில வந்து ஆடறீங்க?"

"அடுத்து என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கத்தான்," என்றார் ஆல்பி, சீஸ் ரோலிலிருந்து வாயை எடுக்காமல்.

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற ஆட்டம் அது. விண்வெளிப் பயணிகளைப் பற்றிய அந்த ஆட்டம் ஏற்கெனவே இருந்ததுதான். அதோடு சேர்த்து ஆட ஹேமிஷ் ஒரு துணைப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தான்... நிலவில் ஒரு சுரங்க ஊர். கம்பெனி திவாலாகி ஓடிவிட்டது, மனிதர்கள் மட்டும் மிச்சம். போலீஸ் கிடையாது, கோர்ட் கிடையாது. மூச்சுக்காற்றைக்கூடக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அச்சுக்குப் போகும் முன் ஊர் நிற்குமா, விழுமா என்று வியாழன் தோறும் ஆடிப் பார்த்தார்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஒருவராக நடிக்க, ஊரில் மிச்சமுள்ள அத்தனை பேருக்கும் ஹேமிஷ்தான் குரல்.

"சட்டமே இல்லாத ஊர்ல கதவைப் பூட்டி என்ன பிரயோஜனம்? உடைச்சா யாரு கேப்பா?" என்றாள் பிரியோனி.

ஹேமிஷ் பேனாவை எடுத்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்தது ஆர்வமா, ஆச்சரியமா... அவள் சட்டென்று பகடையைப் பார்த்துக்கொண்டாள்.

"ஆடிப் பாக்கறீங்களா? யாரா இருக்கப் போறீங்க?"

"திருடியா."

"பூட்டுக்காரி திருடியா?"

"நாள் முழுக்க நேர்மையா கதவு தொறந்து அலுத்துப்போச்சு."

மெரேயின் சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. "வாம்மா, நம்ம ஆளு நீ," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். மேசை நடுவில் கிடந்த, பெருக்கல் குறி போட்ட அட்டையையும் காட்டினாள். "கதையில ஏதாச்சும் மனசுக்கு ஒவ்வலன்னா இதைத் தொடு. அந்தக் காட்சி அங்கயே நின்னுடும்."

இப்படித்தான் வெரா என்ற திருடி பிறந்தாள். அவளுக்கு முதல் நாளே காற்றுப் பஞ்சம். காற்று விற்கும் ஓரன் என்பவனிடம் பேரம் பேசப் போனாள். ஓரனுக்குத் தொண்டை கட்டிய கரகரக் குரல், ஹேமிஷ் கொடுத்ததுதான்.

"மூச்சு விடணும்னா காசு."

"கொஞ்சமா விட்டுக்கறேன். தள்ளுபடி உண்டா?"

அடுத்த வியாழனும் வந்தாள். அதற்கடுத்ததும். வீட்டில் வேலை கிடக்க, நிலவின் தெருக்கள் எங்கே போகின்றன என்று யோசித்துக்கொண்டே வேன் ஓட்டினாள். நிலா ஊரின் வரைபடத்தில் காற்றுக் குழாய் எங்கே முடிகிறது? ஓரனுக்கு ஊர் எது? அவன் ஏன் தனியாக இருக்கிறான்? கேள்விகள் எல்லாம் ஓரனைப் பற்றித்தான் என்று அவள் தன்னையே நம்பவைத்தாள், பாவம்.

"எங்களுக்கு மட்டும் விலை ஏத்தறான் அந்தக் காத்துக்காரன். வெராவுக்கு எல்லாம் ஓசி," என்று மெரே முணுமுணுப்பாள். ஹேமிஷின் காது சிவக்கும். ஆல்பி இன்னொரு சீஸ் ரோலை எடுப்பார்.

பிறகு அந்த வியாழன் வந்தது. கதையில் நிலவுக்குக் கீழே சுரங்கம் இடிந்து, ஓரனும் வெராவும் ஒரு கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். ஒரே ஒரு காற்றுப் புட்டி.

"நீயே வச்சுக்க," என்றான் ஓரன். "வெரா... நான் ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா..."

குரலில் கரகரப்பு இல்லை. அது ஹேமிஷின் சொந்தக் குரல். அவன் கண்கள் புத்தகத்தில் இல்லை, அவள்மேல் இருந்தன. ஆல்பி மெல்வதை நிறுத்திவிட்டார். பிரியோனி பகடையைக் கீழே வைத்தாள். ஐயோ, இப்போதா... இத்தனை பேர் முன்னாலா... அதுவும் வெராவிடமா...

அவள் கை தானாக நீண்டு அட்டையைத் தொட்டது.

ஹேமிஷ் உடனே நிறுத்தினான். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "சரி. மீட்புப் படை வந்துடுச்சு. எல்லாரும் வெளிய வந்துட்டீங்க. மறுநாள் காலையில ஓரன் பூமிக்குக் கிளம்பிப் போயிட்டான். கடை மூடிக் கிடக்கு." பக்கத்தைப் புரட்டினான்.

அவ்வளவுதான். ஏன் தொட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டம் முடிந்து மேசையைத் துடைக்கும்போதும் கேட்கவில்லை. வாசலில், அவள் வேண்டுமென்றே சாவியைத் தேடித் தேடி நின்றபோதும் கேட்கவில்லை. "பாத்துப் போங்க, ரோடு வழுக்கும்," என்றான்.

வழுக்கட்டுமே, உனக்கென்ன என்று பொருமினாள் பிரியோனி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே... அப்படியானால் அத்தனையும் நடிப்பு. ஓரனை ஊரைவிட்டே அனுப்ப அவனுக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. அடுத்த வியாழன் அவள் போகவில்லை. அதற்கடுத்த வியாழனும் போகவில்லை. ஃபோன் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா என்று சொல்லிக்கொண்டு, யாருமில்லாத கடையில் அழுதாள். ஆமாம், அழுதாள். மறைக்க என்ன இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை மதியம் மெரே சைக்கிள் பூட்டு வாங்குகிற சாக்கில் வந்து சேர்ந்தாள்.

"ஆட்டம் முடிஞ்சுதும்மா. இனி வியாழன் கிடையாது. இன்னைக்குச் சாயங்காலம் புத்தகம் அச்சுக்குப் போகுது. அவன் சோறு தண்ணி இல்லாம மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டுத் திரியறான்."

"அவருக்கென்ன கவலை? ஏன்னு ஒரு வார்த்தை கேட்டாரா?"

மெரே பூட்டைக் கீழே வைத்தாள். "எப்படிக் கேப்பான்? அட்டையைத் தொட்டவங்ககிட்ட ஏன்னு கேக்கவே கூடாது. மேசையிலயும் கூடாது, வெளியிலயும் கூடாது. சொல்றதுக்குச் சங்கடமான விஷயமாத்தானே இருக்கும்? எங்க ஆளுங்க உசுரே போனாலும் கேக்க மாட்டாங்க. அதை நான் உனக்குச் சொல்லலையா?"

"சொல்லலையே..."

"அடக் கடவுளே."

பிரியோனி கடையைக்கூடச் சரியாகப் பூட்டாமல் ஓடினாள். பூட்டுக்காரி கடை திறந்து கிடந்தது என்று அந்தத் தெருவே பிறகு சிரித்தது. நகராட்சி அலுவலகத்துக் கவுன்டரில், கண்ணாடிக்குப் பின்னால் ஹேமிஷ். வரிசையில் நின்றவர்களைத் தாண்டிப் போய், "வெளிய வா," என்றாள்.

அலுவலகத்துக்கு வெளியே, ஆக்டகன் சதுக்கத்தில் மழை பக்கவாட்டில் அடித்தது. தாழ்வார ஓரத்தில் இருவரும் நின்றார்கள். அவன் அவள் முகத்தைப் பார்க்கத் துணியாமல் தரையைப் பார்த்தான்.

"கேளு," என்றாள்.

"என்ன?"

"ஏன் தொட்டேன்னு கேளு. நானே சொல்றேன், கேளு."

அவன் உதடு இரண்டு முறை திறந்து மூடியது. பழக்கம் அவனை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தது. "ஏன்... தொட்டே?"

"நிறுத்தினது உன்னை இல்ல, அந்த ஓரனை. அவன் அதை வெராகிட்டச் சொல்லப் பாத்தான். வெரா யாரு? நான் ஒரு மழை நாள்ல சும்மா கட்டிவிட்ட பொய்யி. எனக்கு வர வேண்டியதை அவ வாங்கிட்டுப் போனா, எனக்கு என்ன மிச்சம்?"

ஹேமிஷ் மெல்ல நிமிர்ந்தான். "நான் ஆட்டத்தைச் சாக்கா வச்சு உன்னைச் சங்கடப்படுத்திட்டேன்னு நெனைச்சேன். அதான் அவனை அனுப்பிட்டேன். இனிமே நீ பயமில்லாம வரணும்னு... நீ வரவே இல்ல."

"கேப்பேன்னு காத்துட்டு இருந்தேன், மக்கு."

அவன் சிரிக்கவில்லை. ஒரு நிலவு ஊருக்கே குரல் கொடுத்தவன், தன் குரலைத் தேடித் தவித்தான். "எனக்கு... எனக்கா பேச வராது, பிரியோனி. வேற ஆளா இருந்தாத்தான் வரும்."

"தப்புத் தப்பாச் சொல்லு. பரவால்ல."

மூச்சை இழுத்துக்கொண்டான். "வியாழக்கிழமைன்னா மதியத்துல இருந்தே எனக்கு வேலை ஓடாது. ஓரன் உன்கிட்டப் பேசினது எதையும் நான் எழுதி வச்சதில்ல... உன்னைப் பாத்ததும் தானா வந்துது. உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு. இல்ல... பிடிச்சிருக்குன்னா பத்தாது. நீ இல்லாத ரெண்டு வாரமும் என்னால முடியல. உன்னைக் காதலிக்கறேன். நான்... நான்தான் சொல்றேன்."

பிரியோனிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஈரக் கையால் அவன் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் உன்னைத்தான், ஹேமிஷ். அந்தக் காத்துக்காரனை இல்ல... உன்னைத்தான்."