வேலி தாண்டி வந்த ராசாத்தி

“நில்லுங்க... நில்லுங்க!”

கூடவே ஒரு விசில் சத்தம். ஓங்கிய மண்வெட்டியை அந்தரத்திலேயே நிறுத்தினாள் வேல்விழி. அது விழவிருந்த இடத்தில் ஒரு செங்கோழி, மண்புழுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் காக்கி பேண்ட், பனியன், கையில் விசிலுடன் ஒருவன்.

“இதென்ன குத்தாலத்து மெயின் அருவியா, விசில் அடிக்கீங்க?”

“டூட்டிப் பழக்கம்ங்க. சீசன் வந்தா தூக்கத்துலகூட அடிப்பேன்... ராசாத்தி, இங்கன வா!”

ராசாத்தி வரவில்லை. வேல்விழியின் காலடியிலேயே நின்று, தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தது. அவன் சிரித்தான். கண்களும் சேர்ந்து சிரித்தன... சாரல் நின்றதும் பளிச்சென்று தெரியுமே குற்றாலமலை, அதுபோல.

மேலகரத்தில் அப்பா வாங்கிப் போட்ட ஐந்து சென்ட் மனை அது. இடுப்பளவு பார்த்தீனியம், அடியில் கோரை. “ஆள் விட்டு வெட்டிருவோம்” என்ற அப்பாவிடம், “நானே வெட்டித் தோட்டம் போடுதேன்” என்று சவால் விட்டிருந்தாள். தென்காசி மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகுமுன், தினமும் காலையில் ஒரு மணி நேரம்.

அவள் கோரையைக் கிழங்கோடு பெயர்த்தால், அந்தக் குழியில் ராசாத்தி இறங்கிக் கிளறும். தப்பிய கிழங்கெல்லாம் மேலே வந்துவிடும். இப்படி ஒரு கூட்டாளி யாருக்குக் கிடைக்கும்!

பக்கத்து வீட்டு விசில்காரன், கான்ஸ்டபிள் இசக்கிதுரை ஒரே ஒருமுறைதான் கேட்டான். “கை குடுக்கட்டுமா?”

“வேண்டாம்.”

அப்புறம் கேட்கவே இல்லை. ஆனால், அவள் வேலியில் சாய்த்துவிட்டுப் போகும் மண்வெட்டி மறுநாள் காலையில் தீட்டிப் பளபளவென்று இருக்கும். எத்தனை பேருக்குத் தெரியும், இப்படி உதவி செய்ய...

ஒருநாள் அவன் அம்மா ஆவுடையம்மாள் டீ கொண்டுவந்தாள்.

“எதுக்குப் பெரியம்மா சிரமம்?”

அம்மா உள்ளே போனதும் இசக்கிதுரை வேலியோரம் வந்தான். “எங்கம்மாவப் பெரியம்மான்னு கூப்பிடாதீங்க.”

“ஏன்?”

“எனக்கு மொறை மாறிரும்லா...”

சாரல் அடித்தது. அவள் கன்னம் மட்டும் சுட்டது.

மறுநாளே ஆவுடையம்மாள் மனசைத் திறந்தாள். “அஞ்சு பொண்ணப் பாத்தாச்சு தாயி, எல்லாத்தையும் வேண்டாம்னுட்டான். பொண்ணு மட்டும் அமையட்டும், இசக்கியம்மன் கோயில் கொடையில இந்தக் கோழிய அறுத்துப் பலி குடுக்கேன்னு நேந்துருக்கேன்.”

வேல்விழியின் பாதத்தில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தது ராசாத்தி.

அன்றிலிருந்து அவள் வேலிப்பக்கம் நிமிரவில்லை. நிமிர்ந்தால்... அந்தக் கண்களைப் பார்த்தால்... ஒரு உயிர் போய்விடும்.

பத்தாம் நாள் அவனுக்குப் பொறுக்கவில்லை. “ஏன் பேச மாட்டேங்கீங்க? போலீஸ்காரன்னு இளக்காரமா?”

“நேர்ச்சை பத்தி அம்மா சொன்னாங்க.”

அவன் முகம் வாடியது. “குஞ்சுல இருந்து நான் வளத்த கோழி. அதுக்காகத்தான் அஞ்சு பொண்ணையும் வேண்டாம்னேன். அப்படிச் சொல்ல லேசாத்தான் இருந்துச்சு. ஆறாவதா ஒருத்தி மண்வெட்டியோட வந்து நின்னா பாருங்க... அவள வேண்டாம்னு சொல்ல என்னால முடியல.”

மழை வேலியோரத் தென்னை ஓலைகளில் படபடத்தது. வேல்விழி தரையைப் பார்த்தாள். ராசாத்தி கிளறிப் பொடித்த மண்ணில் போனவாரம் ஊன்றிய விதை, இரண்டு இலை விட்டிருந்தது.

“கொடை எப்போ?”

“பங்குனியில.”

“பலிக்குப் பதிலா பூசணிக்காய் வெட்டுதாங்கல்லா? இது வெள்ளைப் பூசணிதான். கார்த்திகையிலயே காச்சிரும்.”

அவன் கண்கள் விரிந்தன. “பொண்ணு அமைஞ்சாத்தான நேர்ச்சை?”

“ம்...”

“அம்மா ஒத்துக்கிடணுமே?”

கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். மழையில் நனைந்த இமைகளை, பத்து நாளில் முதல்முறையாக அவனை நோக்கி உயர்த்தினாள்.

“அத்தைட்ட நானே கேட்டுக்கிடுதேன்.”

அத்தை! அந்த நேரம் பார்த்து ராசாத்தி, பூசணி நாற்றருகே போய்க் கிளறுவதற்குக் காலைத் தூக்கியது.

“ஏட்டி, உன் உசிரு அதுலதான் இருக்கு!” என்று பாய்ந்தாள் வேல்விழி.

அவனோ, விசிலை எடுத்து, மேலகரமே திரும்பிப் பார்க்கும்படி ஊதினான்.