சுட்டி கையில் இருக்கும்வரை

காலையில் கூடம் திறந்ததும் என் மனைவி யாழினி வருவாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு "வந்துட்டேன்" என்பாள். நான் "வா" என்பேன். அடுத்த நொடி மாலையாகியிருக்கும்.

நடுவில் ஒன்றும் இருக்காது. தூக்கம்கூட இல்லை, தூங்கி எழுந்தால் சோம்பலாவது மிஞ்சும்.

நான் இறந்துவிட்டவன். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். ஒசூர் நினைவகக் கூடத்தில் எனக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். உடம்பு கிடையாது. யோசிக்கலாம், கேமரா வழியாகப் பார்க்கலாம், ஒலிபெருக்கி வழியாகப் பேசலாம், பக்கத்து இடத்துக்காரரோடு சதுரங்கம் ஆடலாம். உயிரோடு இருந்தபோது இவ்வளவுகூடச் செய்ததில்லை என்பது யாழினியின் கருத்து.

பார்க்க வருகிறவர்கள் பேச்சோடு நிற்பதில்லை. தலையில் வளையத்தை மாட்டிக்கொண்டு எங்கள் நினைவுக்குள்ளேயே இறங்கிவிடுவார்கள். முன்பெல்லாம் அதற்காக எங்களை இடையகம் என்னும் தற்காலிக இடத்தில் ஒரு நகல் எடுத்து, அந்த நகலைத்தான் தருவார்கள். வந்தவர் நகலில் உலாவுவார். அசல் தன் பாட்டுக்கு இருக்கும். பிறகு இறந்தவர்கள் பெருகினார்கள், கணினிகளில் நினைவகத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. ஏற்கெனவே நினைவகத்தில் இருப்பதைப் படிக்க, நினைவகத்திலேயே இன்னொரு முறை எழுதுவானேன் என்று யாரோ கேட்டார். கையில் இருக்கும் புத்தகத்தைப் படிக்க ஜெராக்ஸ் எடுப்போமா? இருக்கும் இடத்தின் முகவரியைக் கொடுத்தால் போதும், அங்கேயே போய்ப் படித்துக்கொள்ளலாம். நேர்வாசிப்பு இப்படித்தான் வந்தது. அந்த முகவரிக்குச் சுட்டி என்று பெயர்.

நியாயமான கேள்விதான். நானும் சி மொழியில் நிரல் எழுதிக் குப்பை கொட்டியவன். தேவையில்லாமல் நகலெடுக்கும் வரியைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும்.

ஒரே ஒரு சிக்கல். ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போது நான் புதிதாக எதையாவது நினைத்துத் தொலைத்தால், அவருக்குப் பாதி தீபாவளியும் பாதி பொங்கலுமாகக் குழம்பித் தெரியும். அதனால் சுட்டி அவர் கையில் இருக்கும்வரை என்னில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. அதாவது, நான் நின்றுவிடுவேன். யாழினியோ கூடம் மூடப்போகும் மணி அடிக்கும்வரை சுட்டியை விடமாட்டாள். அதன்பிறகு சில நிமிடங்கள் பேசுவோம். பிறகு, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, இரவு முழுக்க எல்லோரையும் நிறுத்திவிடுவார்கள்.

பக்கத்து இடத்தில் ஜெபராஜ் அண்ணன், லாரி ஓட்டியவர். அவரைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. சதுரங்கத்தில் கூடத்தையே தோற்கடித்துவிட்டு இப்போது தெலுங்கு கற்றுக்கொள்கிறார். என்னைக் கொடுத்துவைத்தவன் என்று அடிக்கடி சொல்வார். நானும் அவரைப் பற்றி அதையேதான் நினைத்துக்கொள்வேன்.

ஒரு மாலை யாழினி வளையத்தைக் கழற்றிவிட்டு ஏதாவது பேசச் சொன்னாள். கூடத்துக் குளிரைப் பற்றி ஒரு நகைச்சுவையை எடுத்துவிட்டேன்.

"இதை நேத்தும் சொன்னீங்க, முந்தாநாளும் சொன்னீங்க. புதுசா ஒண்ணுமே இல்லையா உங்ககிட்ட?"

"புதுசா ஏதாவது நடந்தாத்தானே?"

யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது. பிறகு மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். வாசிப்பின்போது இங்கே உறைபவர் ஓய்வில் இருப்பார் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் கண்ணயர்ந்திருப்பதாக நினைத்திருக்கிறாள்.

"அப்போ நான் இங்க உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் நீங்க..."

"நின்னுட்டிருந்தேன். கால் வலிக்காது, அது ஒரு வசதி."

அவள் சிரிக்கவில்லை. "ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வரமாட்டியே."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. முழுதாக ஒரு பகல் என் கைக்கு வந்தது. என்னென்னவோ செய்யத் திட்டமிட்டிருந்தேன். மதியத்துக்குள் ஜெபராஜ் அண்ணனிடம் எல்லா ஆட்டத்திலும் தோற்றேன். "தம்பி, ராணியப் பாத்து ஆடு, கதவப் பாத்து ஆடாத" என்றார். அடுத்த நாளும் அப்படியே போனது. சுட்டி யார் கையிலும் இல்லை, ஆனாலும் நான் நகரவில்லை.

அந்த வாரக் கடைசியில் வந்தாள். முகம் வாடியிருந்தது. எப்படி இருந்தேன் என்று கேட்டாள்.

"புதுசா நிறைய இருக்கு. வளையத்தை மாட்டிக்கிட்டு நீயே பாரு" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். நேர்வாசிப்பில் ஓர் எழுத்தும் சிந்தாது.

அவள் வளையத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு கொக்கியிலேயே மாட்டினாள்.

"வேண்டாம், வாயால சொல்லுங்க."

"சொன்னா பாதி விட்டுப்போகும்."

"போகட்டும். பேசிட்டிருந்தா நிக்க மாட்டீங்கல்ல?"

சொன்னேன். என் நினைவகத்திலிருந்து அவள் நினைவகத்துக்கு, சொல் சொல்லாக, உலகத்திலேயே மெதுவான நகல். பாதிதான் போய்ச் சேர்ந்தது. அதிலும் பாதியை அவள் நம்பவில்லை.

கிளம்பும் முன் தன் தங்கையிடம் போனில் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதில் நான் தினமும் கதவைப் பார்த்து அழுதிருந்தேன். இங்கே அழுவதற்கு வசதி கிடையாது. நான் திருத்தவில்லை.