பூரணி பேசி அனுப்பிய கேசட்

மச்சான் கந்தப்பன் மஸ்கெலியா பஸ்ஸில் வருவதாகத் தகவல் வந்தது. வீரய்யா அன்று வேலைக்குப் போகவில்லை. தோட்டத்து லயத்தில் எல்லாரும் கொழுந்து பறிக்க மலையேறிய பிறகு, தன் ஒற்றை அறைக் காம்பராவின் கதவைச் சாத்திவிட்டு ஸ்டீரியோவை எடுத்துப் பாயில் வைத்தான்.

அது அவன் மனைவி பூரணி குவைத்திலிருந்து அனுப்பியது. வீட்டு வேலைக்குப் போனவள். எழுதத் தெரியாது. கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவாள். கடைசிக் கேசட்டை, அங்கே வேலை செய்து ஊர் திரும்பிய அந்தோனியம்மா கொண்டுவந்து கொடுத்தாள். அதில் பூரணி அழுதிருந்தாள்.

"வீட்டுப் பெரியவரு அடிக்கிறாரு. அந்தம்மா சூடு வைக்கிறாங்க. என்னையக் கூப்பிட்டுக்குங்க. முடியலன்னா எங்கண்ணன்கிட்டயாவது சொல்லுங்க."

வீரய்யா யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு கேசட்டில் பதில் பேசி அனுப்பினான்.

"பல்லக் கடிச்சிக்கிட்டு இரு. இப்ப வந்தா லயமே சிரிக்கும். அப்பிடியே பாட்டுக் கேசட்டும் ரெண்டு அனுப்பு."

பிறகு சீல் வைத்த சவப்பெட்டியில் வந்தாள். மாடியிலிருந்து விழுந்துவிட்டாள் என்றார்கள்.

கருமாதி முடிந்த பிறகு அந்தோனியம்மா, கேசட் கொண்டுவந்ததைப் பூரணியின் அண்ணன் கந்தப்பனிடம் சொல்லிவிட்டாள். அவனுக்குத் தங்கையின் குரலை ஒருதரம் கேட்க வேண்டுமாம். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவன். கேட்டால் வீரய்யாவை உயிரோடு விடமாட்டான்.

அழிப்பது சுலபம். பேச்சில்லாத அறையில் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினால், பழைய குரலின் மேல் மௌனம் ஏறிவிடும். வீரய்யா அழுத்தினான். நாடா ஓடி முடியும்வரை சுவரோடு ஒட்டி, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தகரக் கூரையில் மழை சன்னமாக விழுந்தது.

திருப்பிச் சுற்றிப் போட்டுக் கேட்டான்.

மழை. தூரத்தில் ஒரு நாய்.

பிறகு மூச்சு.

அவனுடையதல்ல. விலா உடைந்தவர்கள் விடுகிற மூச்சு.

சவப்பெட்டியில் கசிந்த மருந்து வாடை காம்பராவில் எழுந்தது.

மறுபடி அழித்தான். மறுபடி கேட்டான்.

மூச்சு மைக்கின் பக்கத்துக்கு வந்திருந்தது.

கதவு தட்டப்பட்டது.

"என்ன மச்சான், புதுமாப்பிள்ள மாதிரி பகல்லயே கதவச் சாத்திக்கிட்டு?"

கந்தப்பன் நனைந்த கம்பளியை உதறிப் போட்டுவிட்டு ஸ்டீரியோவின் முன் உட்கார்ந்தான்.

"அது கெட்டுப்போச்சி மச்சான்" என்றான் வீரய்யா. "ஒண்ணும் கேக்காது."

"கெட்டதையே கேப்போம். போடுங்க."

போட்டான். மழை கேட்டது. பிறகு பூரணி பேசினாள். தெளிவாக, சிரித்துக்கொண்டு.

"அண்ணே, சொகமா இருக்கீங்களா? கவலப்படாதீங்க. இப்ப எனக்கு வலி இல்ல. அவரும் எங்கூட வந்துட்டாரு."

கந்தப்பன் கண்ணைத் துடைத்தான். "பாவி மக, எப்பிடிச் சிரிக்கிறா பாருங்க."

பிறகு காதை ஸ்பீக்கரில் வைத்தான்.

"பின்னால ஒரு ஆம்பள கெடந்து கத்துறானே. அடி வாங்குறவன் மாதிரி. யாரு மச்சான் அது?"

வீரய்யாவுக்கு அந்தக் குரல் தெரிந்தது. தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தான். நாக்கு அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஸ்டீரியோவிலிருந்து வந்தது.

"நான்தான் மச்சான்."