பெரியவருக்குச் சாப்பாடு

மத்தியான ஷிஃப்டுக்கு அவள் ஆஸ்பத்திரி லேபுக்குள் நுழைந்தபோது எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. ஏசி உறுமியது, பினாயில் நெடி மூக்கைத் துளைத்தது, சூப்பர்வைசர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

“பெரியவருக்குச் சாப்பாடு போட்டாச்சா?”

பெரியவர் ஆள் இல்லை, கிருமி. போன வருஷம் எந்த மருந்துக்கும் அடங்காமல் வார்டில் செத்துப்போன ஒரு கிழவரின் ரத்தத்திலிருந்து எடுத்தது. புது மருந்துகளைச் சோதித்துப் பார்ப்பதற்காக அதைச் சாகவிடாமல், கிருமிக்குத் தீனி தடவிய புதுத் தட்டுக்கு வாராவாரம் மாற்றுவதைத்தான் கிண்டலாக இப்படிச் சொல்வார்கள். அன்று ரத்தம் எடுத்தவளே அவள்தான். “பசிக்குது பாப்பா” என்று கையைப் பிடித்துக்கொண்டார் கிழவர். வாயில் எதுவும் கொடுக்கக் கூடாதென்று டாக்டர் உத்தரவு. கையை உதறிவிட்டு வந்துவிட்டாள்.

இப்போது அதே கிருமி அவள் தம்பி உடம்பில். நாலு நாளாகக் காய்ச்சல் கொதிக்கிறது. மிச்சம் இருப்பது பதினாலாம் நம்பர் புது மருந்து ஒன்றுதான். வேறு வழியில்லாமல் காலையில் அதை ஏற்றிவிட்டார்கள். கேட்குமா கேட்காதா என்பதை, அவன் ரத்தத்துக் கிருமியைப் பூசி நடுவில் அந்த மருந்தைப் பொட்டாக வைத்து நேற்றே வளரவிட்ட தட்டுதான் சொல்ல வேண்டும்.

தட்டுகளை வைத்திருக்கும் சூட்டுப் பெட்டியை, இன்குபேட்டரை, திறந்தாள். வெதுவெதுப்பாக ஒரு மூச்சு முகத்தில் பட்டது.

உள்ளே யாரோ இருமினார்கள்.

“சார், இருமினீங்களா?”

“நானா? இல்லையே.”

தம்பியின் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மருந்துப் பொட்டைச் சுற்றி பளிச்சென்று ஒரு வட்டம். அதற்குள் ஒரு கிருமிகூட இல்லை. மருந்து கேட்கிறது. அப்பாடா! அழுதேவிட்டாள்.

“அப்புறம் என்ன, பழைய தட்டையெல்லாம் அவிச்சுக் கொட்டிடு” என்றார் சூப்பர்வைசர். “பெரியவருக்கு இனிமே சாப்பாடு கிடையாது.”

தட்டுகளை அள்ளிப் பெரிய குக்கருக்குள் போட்டு மூடியைத் திருகினாள். சூடு ஏறியது.

தட்.

தட். தட்.

“சார்... உள்ள தட்டுற மாதிரி...”

“அட, ஆவிம்மா அது. வேற என்ன?”

சொன்ன பிறகுதான் அவருக்கே அந்த வார்த்தை உறைத்தது போலிருக்கிறது. குக்கரைத் திரும்பிப் பார்த்தார்.

சத்தம் நின்றது. உடனே போன் அடித்தது. வார்டு நர்ஸ்.

“காய்ச்சல் விட்டுடுச்சுக்கா! தம்பி உங்ககிட்ட பேசணுமாம், கொடுக்கறேன்.”

“டேய் எருமை! என் உயிரையே வாங்கிட்டியேடா!” என்றாள், சிரிப்பும் அழுகையுமாக.

பேச ஆரம்பித்ததிலிருந்து அவளைக் குட்டச்சி என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லிக் கூப்பிடாதவன் அவன்.

மறுமுனையில் ஒரு இருமல். கனத்த, கிழட்டு இருமல்.

“பசிக்குது பாப்பா. இன்னைக்காவது போடுவியா?”