பல்லில் கட்டிய பட்டு நூல்

“ஏம்மா, கோட்டைக்கு எந்தப் பக்கம்?”

இடுப்பளவு ஏரித் தண்ணீரில் குனிந்து நின்றவள் கண்ணை மட்டும் உயர்த்தினாள்... அம்மாடி, எவ்வளவு பெரிய கண்!

“வாயில இன்னா, கொழுக்கட்டையா?” என்றான் ஓடத்தில் வந்த கோதண்டம்.

கஸ்தூரி பல்லில் கடித்திருந்த ஓலைப் பறியை எடுத்தாள். “பறிய்யா! ரெண்டு கையும் சேத்துல எறா தடவுது. புடிச்சதைப் போடுற கூடையை வேற எங்க மாட்டுறதாம்?”

கரையில் அவள் தங்கை எல்லம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். ஒன்பது வயது, மேலே முன்பல் இரண்டும் இல்லை. கோதண்டத்தின் சிரிப்பு நின்றது. ஒல்லாந்தர் கோட்டை வைத்தியரிடம் வேலைக்குச் சேர வந்தவன் அவன். பல் வேலையை நாகப்பட்டினத்தில் பழகியிருந்தான்.

“பால்பல்லு எப்ப விழுந்துச்சு?”

“ரெண்டு மழைக்கு முன்னாடி. பறியைக் கடிக்க முடியாம தொழிலுக்கே லாயக்கில்லாம பூடுவாளோன்னு நைனாவுக்குக் கவலை.”

அவன் கரையில் இறங்கி எல்லம்மாவின் ஈறைத் தடவிப் பார்த்தான். “பல்லு உள்ளதான் கீது. ஈறு தடிச்சு வழி விடல. கோட்டைக்குக் கூட்டினு வா, நான் வர வெக்கறேன்.”

“வெள்ளைக்காரன் கோட்டை வாசலை நாங்க மிதிக்க மாட்டோம்.”

“நானே வரேன்.”

வந்தான். ஈறைக் கீறி, எட்டிப் பார்த்த பற்களில் பட்டு நூல் கட்டிப் பக்கத்துப் பற்களோடு இழுத்து முடிந்தான். வாரா வாரம் இறுக்க வேண்டும் என்றான். வாரா வாரம் வந்தான். எல்லம்மாவின் வாயைவிட அக்காவின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தான். கஸ்தூரிக்கும் தெரியும்... தெரியாதவள் போல இருந்தாள்.

ஒருநாள் இறால் நிறையக் கிடைத்தது. கை ஒழியாத அவசரத்தில், தொழில் பழக்கத்தில், இன்னொரு பறியைத் தங்கையின் வாயில் கொடுத்துவிட்டாள். நூல் அறுந்து ரத்தம் வந்தது.

“கொயந்தை மேல அக்கறையே இல்லியா ஒனக்கு?” என்று அந்த வாரம் வந்த கோதண்டம் கத்தினான்.

“அக்கறை கீறவங்க கோட்டையிலயே இருக்கட்டும். இனிமே வராத!”

அவன் வரவில்லை. பல் மறுபடி உள்ளே போய்விடும் என்று எல்லம்மா அழுதாள். தப்பு தன்னுடையதுதான்... கஸ்தூரிக்குச் சோறு இறங்கவில்லை. மழை கொட்டிய ஒரு காலையில் தங்கையை இழுத்துக்கொண்டு கோட்டை வாசலை மிதித்தாள்.

அவன் புது நூல் கட்டினான். “பயப்படாத. பல்லு எங்கியும் போவல, நல்லாவே எறங்கிக்கீது.”

“என் தப்புதான்,” என்றாள் கஸ்தூரி. “பல்லுக்காவ மட்டும் வரல நான்... நீ வராத நாளெல்லாம் இவளைவிட நான்தான் வழியைப் பாத்துக்கினு கெடந்தேன்.”

கோதண்டம் தலை குனிந்துகொண்டான். “நானும் ஒண்ணு சொல்லணும்... நூலை மாசத்துக்கு ஒருவாட்டி இறுக்குனாலே போதும்.”

“அப்ப வாரா வாரம் வந்தது?”

“ஒன்னைப் பாக்க.”

கஸ்தூரி முறைத்தாள். முறைப்பு நிலைக்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது.

“இனிமே தெனமும் வா,” என்றாள். “மொதல்ல எங்க நைனாவைப் பாரு.”