குடும்பத்தில் சேராத குளவி

காலையில் எழுந்தபோது அவள் நகங்களுக்குள் ஈரமண் இருந்தது, பத்து விரல்களிலும். படுக்கையை ஒட்டிய ஜன்னலின் இடுக்கு முழுவதும் மண் அப்பியிருந்தது; விரல்தடம்கூடத் தெரியாமல் வழவழவென்று நீவிவிடப்பட்ட மண். அறைக்குள் மழை ஓய்ந்த தோட்டத்தின் வாசனை கனமாக நின்றது. அந்த வாசனை அவளுக்குப் பிடித்திருந்தது, அதுதான் முதலில் உறுத்தியது.

அக்கா வெறும் பூந்தொட்டியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். பக்கத்து அறையில் தையல் மெஷினை மிதித்து மிதித்தே தங்கையைப் படிக்க வைத்தவள் அவள். இருவருக்கும் வேறு நாதி கிடையாது.

"ஏன்டி, குளிருச்சுன்னா ஒரு துணிய சொருகி வைக்கிறதுதானே? என் செடிய எதுக்குப் பிடுங்கிப் போட்ட?"

"நானா?"

"இல்ல, பேய் வந்து பூசிட்டுப் போச்சு. விடியக்காலம் தண்ணி குடிக்க எழுந்தப்ப பாத்தேனே. கூப்பிட்டேன், நீ திரும்பவே இல்ல."

அக்கா, என் முதுகுல என்னவோ இருக்கு, கொஞ்சம் பாரேன். இதைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"வேற செடி வாங்கித் தரேன்க்கா" என்றது வாய்.

குரல் அவளுடையதுதான், கொஞ்சலும் அவளுடையதுதான். சொன்னது மட்டும் அவளில்லை. மறுபடி முயன்றாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஒத்துழையாமல் கிடந்தது. "நல்லா வாங்கித் தருவ" என்று அலுத்துக்கொண்டு அக்கா மெஷினுக்குத் திரும்பிப் போனாள்.

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் அவளுக்கு வேலை. சிலந்தியைக் கொட்டி மயக்கி, மண்ணறையில் அடைத்து, தன் புழுவுக்கு இரையாக்கும் சிலந்திக்குளவிகளுக்குக் குலம் கோத்திரம் பார்ப்பது. காலின் முள், இறக்கை நரம்பு, நெஞ்சின் பக்கவாட்டில் குறுக்கே ஓடும் பள்ளம் என்று எல்லாவற்றையும் உருப்பெருக்கியில் பார்த்து, எது எதற்கு உடன்பிறப்பு, எது எதற்கு ஒன்றுவிட்ட உறவு, எது எந்தக் கிளையிலிருந்து பிரிந்து வந்தது என்று சொல்ல வேண்டும். கிளையைச் சொல்லிவிட்டால் குணத்தையும் சொல்லிவிடலாம். ஒரு கிளைக்காரி சிலந்தியின் கால்களை நறுக்கிவிட்டுத் தூக்கிப் போவாள். இன்னொருத்திக்கு உழைப்பே ஆகாது. அடுத்தவள் இழுத்துப் போகும் சிலந்தியில் தன் முட்டையைச் செருகிவிட்டு நடையைக் கட்டுவாள். வேறொரு கிளையில், கொட்டு வாங்கிய சிலந்தி கொஞ்ச நேரம் விறைத்துக் கிடந்துவிட்டு எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் தன் வேலையைப் பார்க்கும். அதன் கால் எட்டாத இடத்தில் புழு ஒட்டிக்கொண்டு உறிஞ்சியபடி இருக்கும். எந்தக் கிளையானாலும் ஒன்றில் மட்டும் மாற்றமில்லை. இந்தக் குடும்பத்தில் எவளும் சிலந்தியைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை.

அந்த நம்பிக்கையில்தான் போன வாரம் அவள் குளவிப் பெட்டிக்குள் வெறும் கையை விட்டாள்.

வெகுநாள் அடைத்துக் கிடந்த ஏதோ வீட்டின் அறைச்சுவரிலிருந்து பெயர்த்து அனுப்பிய மண்கட்டி ஒன்று அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தது. அதைத் துளைத்துக்கொண்டு இரண்டு குளவிகள் வந்தன. ஒன்று செத்துவிட, அதன் காலை மரபணுச் சோதனைக்கு அனுப்பினாள். மற்றது சுண்டுவிரல் நீளம், நீலம் பாய்ந்த கறுப்பு. பார்த்ததுமே சிலந்திக்குளவி என்று முடிவுகட்டி, வேட்டையைப் பார்க்கும் ஆசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிலந்தியையும் விட்டாள். பக்கத்து மேஜையில் சிலந்தி ஆராய்ச்சி செய்யும் சிலந்திக்காரர், "உங்க வீட்டு விருந்துக்கு எங்க வீட்டுப் பிள்ளைதானா கிடைச்சுது?" என்று முனகிக்கொண்டேதான் அதைக் கொடுத்தார்.

குளவி சிலந்தியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர்ப் பஞ்சை மாற்றக் கையை விட்டபோது மணிக்கட்டில் கொட்டியது. அப்போது அறையில் வேறு யாருமில்லை. அவள் தரையில் விழுந்தாள். கண் திறந்திருந்தது, இமைக்க முடியவில்லை. சட்டைக் கழுத்துக்குள் ஆறு கால்கள் நிதானமாக இறங்குவதை உணர்ந்தாள். பிறகு உடம்பு தானாக எழுந்தது, மேஜையை ஒழுங்குபடுத்தியது, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தது. குளவி பெட்டிக்குத் திரும்பவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

அன்றிலிருந்து இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, மேலிருந்தும் கீழிருந்தும் கை எட்டாத அந்த ஒரே இடத்தில், ஈரத்துணி ஒட்டியதுபோல் குளுமை. வலியே இல்லை. வலித்தாலாவது தேவலை என்று அவள் ஏங்கினாள்.

மத்தியானம் சிலந்திக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முடிவு வந்துடுச்சும்மா. உங்க குளவி சிலந்திக்குளவிக் குடும்பத்துலயே சேரல. மூக்கும் முழியும்தான் ஒண்ணு போல இருக்கு, ரத்தம் வேற. தனிக் கிளையா ஒத்தையில நீண்டு போகுது. கிட்டத்துல ஒரு சொந்தம்கூட இல்ல."

அவள் தலையாட்டினாள்.

"அப்ப இது எதத் தின்னு வளந்துது? அந்த மண்கட்டிய உடைச்சுப் பாத்தேன். ஒரு சிலந்தி ஓடுகூட இல்ல. நீளமா தலைமுடி மட்டும்தான் இருந்துது."

சார், என் முதுகைப் பாருங்க. சட்டையைக் கிழிச்சுப் பாருங்க. உள்ளுக்குள் கத்தினாள். அவர் கையைப் பிடிக்கப் போன கை, வழியிலேயே திரும்பி மேஜைமேல் இருந்த ஊசிகளை நேராக அடுக்கியது.

"என்னம்மா, கண்ணு கலங்குது?"

"தூசி சார்."

அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்தக் கண்ணீர் ஒன்றுதான். அவர் மின்விசிறியைக் குறைத்து வைத்துவிட்டுப் போனார்.

மாலையில் கால்கள் அவளைச் சாலை தோண்டும் இடத்துக்கு நடத்திப் போயின. கைகள் பை நிறையச் சேறு அள்ளின. வீட்டில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. தன் அறைக்குள் நுழைந்து இரண்டாவது ஜன்னலைப் பூசினாள், பிறகு கதவின் கீழ்ச்சட்டத்தை. வேலை சுத்தமாக இருந்தது. ஒவ்வோர் இடுக்காக வெளிச்சம் அணைந்தது, தெருச் சத்தம் அடங்கியது. முதுகில் இருந்தது இடம் மாறிப் படுத்தது. கனத்திருந்தது.

மெஷின் நின்றது. அக்கா வந்தாள்.

"மறுபடியுமா? என்னடி ஆச்சு உனக்கு?" பிறகு குரல் இறங்கியது. "முதுகு ஏன் இப்படிப் புடைச்சிருக்கு?"

பார் அக்கா. பார். பார்த்துவிடு.

அக்கா சட்டையைத் தூக்கினாள். தூக்கிய நுனியைக் கைவிட்டுப் பின்வாங்கினாள்.

"அசையாதடி" என்றாள். பல் கிட்டித்துப் பேசினாள். "புழு மாதிரி என்னவோ, உயிரோட இருக்கு. நான் டாக்டரக் கூட்டிட்டு வரேன். நீ அப்படியே இரு. தொட்டுடாத."

அக்கா கதவைத் தாண்டினாள். அந்த ஒரு கணம் தங்கைக்குச் சந்தோஷம் பொங்கியது. போ. ஓடு. திரும்பிப் பார்க்காதே. பூசிய அறையில் அடைபட்டுச் சாகப்போவது தான் ஒருத்திதான் என்பதே ஆறுதலாக இருந்தது. சிலந்திக்குளவிகளில் எந்தக் கிளையும் ஓர் அறைக்கு ஓர் இரைதான் வைக்கும்.

இது சிலந்திக்குளவி இல்லை.

மற்ற குடும்பத்துக் குளவிகள் அறை நிறையும்வரை இரையை அடைக்கும்.

"அக்கா" என்றது வாய். சின்ன வயதில் காய்ச்சலில் கூப்பிட்ட அதே குரல். "பயமா இருக்குக்கா. உள்ள வா. கொஞ்ச நேரம் என்னைப் பிடிச்சுக்கோ."

வராதே.

வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் நின்றது.

வராதே அக்கா.

அக்கா வந்தாள். அந்தக் குரலுக்கு அவள் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. செருப்போடு சேற்றை மிதித்து வந்து, முதுகைத் தொடாமல் தோளை மட்டும் சுற்றி அணைத்து, "இருக்கேன்டி, இங்கதான் இருக்கேன்" என்றாள். அவளிடம் தைக்காத புதுத்துணியின் வாசனை.

அக்காவின் தோளுக்கு மேலே கதவுச்சட்டம் தெரிந்தது. அதில் அதே நீலக் கறுப்புக் குளவி. இறக்கையைப் படபடவென்று உதறிக்கொண்டு, உணர்கொம்புகளால் மரத்தைத் தட்டித் தட்டி, இறங்கி வந்தது. சட்டத்திலிருந்து தாவி அக்காவின் தோளில் உட்கார்ந்தது.

கத்தினாள். தங்கையின் வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

அக்காவின் பின்னல் கழுத்தை மறைத்துக் கிடந்தது. குளவி அதன் பக்கத்தில் நின்றது. காத்திருந்தது.

அவள் கை உயர்ந்தது. மெதுவாக, அன்பாக, அக்காவின் பின்னலை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டது.