இப்படியா கூப்பிடுவாங்க அம்மாவை?

மற்றவர்களின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் அம்மாவின் வேலை. வீட்டில் நான் கூப்பிட்டால் மட்டும் அவருக்குக் கேட்காது.

கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டால் போதும். எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான்.

"அம்மா, பசிக்குது."

"ம்."

"அம்மா, தம்பி அலமாரி மேல ஏறிட்டான்."

"ம்."

ஒருநாள் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, "அம்மா, குளியலறையில யானை நிக்குது" என்றேன்.

"ம். கதவைச் சாத்திட்டு வா" என்றார்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு ஐந்து வயது. தொண்டையைத் திறந்து ஒரு கத்து கத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும். எனக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. இந்த வயதில் போய்க் கத்த முடியுமா, மானம் போகாதா?

பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் இருவரும் நேராக அம்மாவின் ஆய்வுக்கூடத்துக்குத்தான் போவோம். அங்கே ஒரு சின்ன அறை உண்டு. வெளியிலிருந்து சத்தம் உள்ளே வராமல் இருக்க, சுவர் முழுக்க மெத்தை மாதிரி ஒட்டியிருப்பார்கள். நடுவில் ஒரு நாற்காலி. அதில் உட்காருகிறவருக்கு நீச்சல் தொப்பி போல ஒன்றை மாட்டுவார்கள். தொப்பி முழுக்கக் குட்டிக் குட்டி உலோக வில்லைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயர். வில்லை தலையோடு நன்றாக ஒட்டுவதற்குக் கொழகொழவென்று ஒரு பசை போடுவார்கள். அதைப் போடுகிறவர்தான் பசை அக்கா. அம்மாவுக்கு உதவியாளர், எங்களுக்குக் கூட்டாளி.

"நம்ம தலைக்குள்ள எப்பவும் துளித்துளியா மின்சாரம் ஓடிக்கிட்டே இருக்கு" என்று அம்மா சொல்வார். "பார்க்கும்போது, கேட்கும்போது, தூங்கும்போதுகூட. அதை இந்தத் தொப்பி பிடிக்கும். திரையில கோடு கோடா வரும்."

"அதுல அப்பா போனுக்குச் சார்ஜ் போடலாமா?" என்று தம்பி கேட்டான்.

"அது ரொம்ப ரொம்பக் கொஞ்சம்டா. ஆனா நீ பண்ற சேட்டைக்கு உன் மூளையில போட்டா போன் வெடிச்சாலும் வெடிச்சிடும்" என்றார் பசை அக்கா.

இந்த வருடம் அம்மா எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: ஓர் அம்மா வேறு வேலையில் மூழ்கியிருக்கிறார். அப்போது சொந்தப் பிள்ளை கூப்பிட்டால், மற்றப் பிள்ளைகள் கூப்பிடுவதைவிட அவருடைய மூளை அதிகமாகத் துள்ளுமா, துள்ளாதா?

எனக்காகவே போட்ட கேள்வி மாதிரி இருந்தது. பதில் தெரிந்துகொள்ள அம்மாவைவிட எனக்குத்தான் அவசரம்.

முதலில் பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்த மெத்தை அறைக்குள் போய், மைக் முன்னால் நின்று "அம்மா" என்று சொன்னார்கள். பிறகு அவர்களுடைய அம்மாக்கள் தொப்பி மாட்டிக்கொண்டு புத்தகம் படித்தார்கள். அவர்கள் காதில் எல்லாப் பிள்ளைகளின் குரல்களும் மாறி மாறி, திரும்பத் திரும்ப ஒலித்தன. கடைசியில் கணினி எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போட்டு, ஒவ்வொரு குரலுக்கும் ஒரு கோடு வரைந்தது.

அன்று வந்தவர் ஒரு தையல்காரம்மா. மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எல்லாம் முடிந்து, அவர் தலையில் ஒட்டிய பசையைக் கழுவப் போனார். திரையைப் பார்த்த அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"இவங்களுக்கும் வித்தியாசமே இல்லை. சொந்தப் பிள்ளை கூப்பிட்டாலும் யார் பிள்ளை கூப்பிட்டாலும் மூளைக்கு ஒண்ணுதான் போல. துறைத் தலைவர்கிட்ட அப்படியே சொல்லி முடிச்சிட வேண்டியதுதான்."

நான் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்போ நான் கூப்பிட்டாலும் எதிர்வீட்டுப் பிள்ளை கூப்பிட்டாலும் உனக்கு ஒண்ணுதானாம்மா?"

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ம்" என்றார்.

அவ்வளவுதான். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். தம்பி பக்கத்தில் வந்து, தான் கடித்த பிஸ்கட்டில் மீதியை நீட்டினான். அதில் அவன் எச்சில் வேறு இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

பசை அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, "மூஞ்சியை இப்படி வெச்சுக்காதே. பிள்ளைங்க குரலைக் கேளு, வேடிக்கையா இருக்கும்" என்றார்.

கேட்டேன். "அம்மா." "அம்மா." "அம்மா." வகுப்பில் வருகைப் பதிவுக்குப் பதில் சொல்வது போல எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

"இதுல தையல்காரம்மா பையன் யாரு?"

"மூணாவது. இரு இரு, நாலாவதோ?" பசை அக்காவே தலையைச் சொறிந்தார்.

அந்த நேரம் பார்த்து நடைபாதையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ம்ம்மாஆஆஆ! அவசரம்மாஆஆ!"

கழுவும் அறையில் குழாய் ஓ என்று திறந்திருந்தது. அப்படியும் தையல்காரம்மா தலையில் பாதிப் பசையும் தோளில் துண்டுமாக வெளியே பாய்ந்து வந்தார். "வந்துட்டேன்டா, அடக்கிக்கோ!" என்று மகனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வழியெல்லாம் தண்ணீர் சொட்டியது.

நான் எழுந்து நின்றேன். அந்தப் பையன்தானே மைக் முன்னால் கிளிப்பிள்ளை மாதிரி "அம்மா" என்றது? நேராகப் போய் அம்மாவின் நாற்காலியைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். கூப்பிட்டுப் பயனில்லை என்றுதான் எனக்குத் தெரியுமே.

"என்னடி?" என்று திடுக்கிட்டார் அம்மா.

ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். "கேளு. இப்படியா கூப்பிடுவாங்க அம்மாவை?"

அம்மா கேட்டார். இன்னொரு முறை கேட்டார்.

"எல்லாரும் ஒரே மாதிரி தெளிவா சொல்லணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். சத்தம் சுத்தமா இருக்கணுமேன்னு."

"ரொம்பச் சுத்தமாயிடுச்சு. அதுல பிள்ளையே இல்லை" என்றேன்.

பசை அக்கா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு மெதுவாக, "சரி, அப்ப என்ன பண்ணலாம்? நீயே சொல்லு" என்றார்.

"ரெக்கார்டரை வீட்டுக்குக் குடுத்து அனுப்பும்மா. எங்கேயாவது மேலே வெச்சிட்டா, கொஞ்ச நேரத்துல பிள்ளைங்க மறந்துடுவாங்க. அப்புறம் நிஜமாக் கூப்பிடுவாங்க."

எங்கள் வீட்டில்தான் முதலில் வைத்துப் பார்த்தோம். குளிர்சாதனப் பெட்டியின் மேல் அது உட்கார்ந்திருந்தது. முதலில் தம்பி அதன் கீழே போய் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, "அன்பும் பண்பும் நிறைந்த அம்மா அவர்களே" என்று ஆரம்பித்தான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சாயங்காலத்துக்குள் அவனுக்கு எல்லாம் மறந்துவிட்டது. சின்னதாகிப் போன சட்டைக்குள் தலையை நுழைத்து, அது பாதியில் சிக்கி, வீடே அதிர "அம்மாஆஆ! என் தலை போச்சு!" என்று அலறினான். நான்தான் சட்டையை உருவி அவன் தலையை மீட்டுக் கொடுத்தேன்.

அந்தக் கலவரத்தில் எனக்கும் ரெக்கார்டர் மறந்துவிட்டது.

மற்ற வீடுகளிலிருந்தும் குரல்கள் வந்தன. எல்லாவற்றையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்து, தையல்காரம்மாவைத் திரும்ப உட்காரவைத்தார்கள். அவருடைய மகன் குரலுக்குக் கோடு ஒரு துள்ளுத் துள்ளியது பாருங்கள்! பசை அக்காவும் கூடவே துள்ளினார். மறுநாள் வந்த இரண்டு அம்மாக்களுக்கும் அப்படியேதான்.

"மேடம், உங்க பிள்ளைங்க குரலும் இருக்கு. நீங்களும் ஒரு தடவை உட்காருங்களேன். இந்தப் பொண்ணு இதுக்காகத்தானே காத்துக்கிட்டிருக்கு" என்றார் பசை அக்கா.

எனக்குப் பகீர் என்றது. எல்லா அம்மாக்களுக்கும் துள்ளி, என் அம்மாவுக்கு மட்டும் துள்ளாவிட்டால்?

அம்மா தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்ப் புத்தகத்தைப் பிரித்தார். நானும் பசை அக்காவும் வெளியே திரை முன்னால் உட்கார்ந்தோம். அம்மா கண் சிமிட்டினால்கூடத் திரையில் மலை மலையாக எழும்பியது. எதற்கு எது என்று ஒன்றும் புரியவில்லை.

"பொறு. கணினி கூட்டிக் கழிச்சுச் சொல்லும்" என்றார் பசை அக்கா. ஒலிக்கும் குரல்களை எனக்கும் கொஞ்சம் கேட்கவைத்தார்.

யார் யாரோ கூப்பிட்டார்கள். தம்பி தலை போய் அலறினான். அப்புறம் என் குரல்.

"அம்மா."

ஓ, அன்றைக்குச் சாயங்காலம்! அம்மாவின் அறை வாசலில் நின்றேனே, அது.

"அம்மா...?"

சத்தத்தைச் சமமாக்கிய பிறகும் அடுத்தது வெறும் முணுமுணுப்பாகத்தான் கேட்டது. அவ்வளவு சின்னக் குரல். "ம்மா." அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டேன். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பசை அக்கா என் தோளில் கை போட்டுக்கொண்டார். அவர் விரலில் இருந்த பசை என் சட்டையில் ஒட்டியது.

கோடுகள் வந்தன. மற்றப் பிள்ளைகளுக்குச் சின்னச் சின்ன மேடு. தம்பிக்குக் குன்று.

"இது எது அக்கா, இவ்வளவு உயரமா?"

"நீதான்" என்றார் பசை அக்கா. "அந்தச் சின்னக் குரல் இருக்கே, அதுதான்."

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் கலங்கிக் கோடு மங்கலாகிவிட்டது. துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். வில்லைகளும் ஒயர்களுமாக அம்மா வாசலில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டிருக்கு" என்றார் அம்மா. அவர் குரலே சரியாக இல்லை. "ஒவ்வொரு தடவையும் எனக்குக் கேட்டிருக்கு. நான்தான் திரும்பவே இல்லை."

எனக்குச் சந்தோஷமும் கோபமும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தன. "கேட்டுட்டும் சும்மாவா இருந்தே? இனிமே கேட்கலைன்னு சொல்லித் தப்பிக்கவே முடியாது. ஆதாரம் இருக்கு!"

பசை அக்கா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் கால் தரையில் இடித்தது. அவ்வளவு வளர்ந்துவிட்டேன்.

"அன்னிக்கு எதுக்குடி கூப்பிட்டே?"

யோசித்தேன். "சும்மாதான்."

"சும்மான்னா?"

"சும்மா உன்கிட்ட பேசிக்கிட்டிருக்கலாம்னு."

மேசை மேல் இருந்த தொலைபேசி அடித்தது. பசை அக்கா எடுத்துக் கேட்டுவிட்டு, "மேடம், துறைத் தலைவர். முடிவைப் பார்க்கணுமாம், இப்பவே வரச் சொல்றார்" என்றார்.

"பத்து நிமிஷத்துல..." என்று தொடங்கிய அம்மா, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "இல்லை. நாளைக்கு வர்றேன்னு சொல்லிடுங்க. என் பொண்ணு பேசணும்னு கூப்பிட்டிருக்கா."

பிறகு என் பக்கம் திரும்பி, "ம், சொல்லு" என்றார்.

வகுப்பில் நடந்த சண்டையிலிருந்து ஆரம்பித்தேன். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. தலையில் பசை காயக் காய, அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.